சின்னத்திரையில் இராமகாதை தீட்டிய இராமானந்த சாகர்

கலைத்துறையிலே இளமையிற் கொடிகட்டிப் பறந்து, முதுமையிலே பெயர் மங்கி மறைந்தோர் பலர். அறுபத்தொன்பது வயது நிறைந்தபின், இனி இவருக்கு என்ன வேலை என்று தொழிலுலகம் எண்ணியிருந்த வேளையிலே, அதுவரை தாம் செய்தவற்றையெல்லாம் சிறிதாக்கிவிடும் ஒரு காரியத்தைத் தொடங்கி முடித்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் இராமானந்த சாகர். பத்திரிகை எழுத்தாளராய், நாடகாசிரியராய், வசனகர்த்தாவாய், படமுதலாளியாய், நெறியாளராய், ஈற்றிலே தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பாளராய் அவர் ஏறிய படிகள் பல. அவற்றுட் சில வழுக்குப்படிகள் என்பதையும் மறைக்காது சொல்வதே இச்சிறு கட்டுரையில் நாம் மேற்கொண்ட பணி.

1917ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆந் திகதி, லாகூர் நகருக்கு அண்மையிலுள்ள அசல் குரு கே என்னும் ஊரிலே அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சந்திரமௌலி சோப்ரா. ஆண்மக்கள் இல்லாத தாய்வழிப் பாட்டியார் குழந்தையைச் சுவீகாரமாக ஏற்றபோது பெயரும் மாறி இராமானந்த் ஆயிற்று. சிவபெருமானின் திருநாமத்தோடு பிறந்தவர் இராமபிரானின் நாமத்தோடு வளர்ந்தார் என்று சைவராகிய நாம் வேடிக்கையாய்ச் சொல்லிக்கொள்ளலாம். பெற்ற தாய் இறந்தபின் தந்தையார் மறுமணஞ் செய்தார். அம்மணத்தின் வழிவந்தவரே, பிற்காலத்திலே பெயர்பெற்ற படநெறியாளர் விது வினோத் சோப்ரா. ஒரே தந்தைக்குப் பிறந்த இருவரும் வெவ்வேறு தலைமுறையினர் போலவே திரையுலகில் நின்றனர்.

பிறந்த குடும்பம் வசதியானதே. ஆயினும் வாலிபம் எய்திய இராமானந்துக்கு அவ்வசதி துணைவரவில்லை. அலுவலகத்துப் பியோன் வேலை, லொறி கழுவும் வேலை, சவர்க்காரம் விற்கும் வேலை, பொற்கொல்லரிடம் தொழில் பழகும் வேலை என்று பகலெல்லாம் உழைத்தார், இரவிலே படித்தார். 1942ஆம் ஆண்டு லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்திலே வடமொழியிலும் பாரசீகத்திலும் தங்கப்பதக்கம் பெற்றுத் தேறினார். இவ்விரு மொழிகளையும் ஒருங்கே கற்றமை வெறும் பரீட்சை விஷயம் அன்று. அவர் வாழ்வின் முற்பகுதிக்குப் பாரசீக நிழலில் வளர்ந்த உருது மொழியும், பிற்பகுதிக்கு வடமொழி கலந்த இந்தியும் கைகொடுத்தன. வாசகர் இதனை நினைவில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இக்காலத்திலேதான் காசநோய் அவரைப் பற்றியது. சயரோகத்துக்கு மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்றும், நல்ல உணவும், ஆண்டவன் அருளுமே சிகிச்சை. மரணப்படுக்கை என்றே பிறர் கருதிய கட்டிலிற் கிடந்தபடி அவர் ஒரு சயரோகியின் நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். லாகூரில் வெளிவந்த உருதுச் சஞ்சிகை ஒன்றிலே அது தொடர்ந்து வெளியாயிற்று. அடுத்த இதழுக்கு எழுத இவர் உயிரோடிருப்பாரா என்ற ஏக்கமும் வாசகருக்கு இருந்திருக்கும் அல்லவா? அவர் பிழைத்தார். ஒரு தொடரின் அடுத்த பகுதிக்காக மக்களை ஏங்க வைக்கும் வித்தையை அவர் முதன்முதற் பயின்றது தம் உயிரையே பணயமாக வைத்துத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பின்னர் பத்திரிகைத் தொழிலிலே அமர்ந்தார், சிறுகதைகள் எழுதினார். 1947 வந்தது. பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. பிறந்த மண் அயல்நாடு ஆயிற்று. குடும்பத்தோடு காஷ்மீரத்திலே இருந்த அவர், அவ்வாண்டு ஒக்டோபரில் அங்கும் ஆயுதக் கூட்டத்தார் புகுந்தபோது ஸ்ரீநகர் விமானத்தளத்திலே அகதியாய்க் காத்திருந்தார். அவருடைய மகன் பிரேம் சாகர் 2019இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலே இவ்விடத்தில் ஒரு செய்தி வருகின்றது. ஆட்களை ஏற்றுவதற்கே இடமில்லாத விமானத்திலே தம் பெட்டி ஒன்றையும் ஏற்றியாக வேண்டுமென்று சாகர் பிடிவாதம் பிடித்தாராம். உள்ளே நகைநட்டு இருக்கிறதென்று எண்ணியவர்கள் திறந்து பார்க்க, இருந்தவை எழுதிய தாள்கள் மாத்திரமே. விமானத்தை ஓட்டிவந்தவர், பிற்காலத்தில் ஒரிசா மாநிலத்தின் முதலமைச்சரான பிஜு பட்நாயக் என்றும் அந்நூல் கூறுகின்றது.

அத்தாள்கள் 1948இல் 'அவுர் இன்சான் மர் கயா' என்னும் உருது நாவலாயின. மனிதன் மாண்டான் என்பது அப்பெயரின் பொருள். பிரிவினைக் கொடுமையை இந்து, முஸ்லிம், சீக்கியர் என்று பக்கம் பாராமல் எழுதிய நூல் அது. குவாஜா அகமத் அப்பாஸ் அதற்கு எழுதிய முன்னுரை முற்போக்கு எழுத்தாளர் வட்டாரத்திலே பெருஞ் சலசலப்பை உண்டாக்கியது. சாகரைத் தொலைக்காட்சிக்காரராக மட்டும் அறிந்தோர் இந்நாவலை அறியாமலே அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கின்றனர். அது சரியன்று என்பது நம் கருத்து.

பம்பாய்க்கு வந்தவருக்கு அடைக்கலந் தந்தது நாடகமேடை. பிருத்விராஜ் கபூர் 1944இல் நிறுவிய பிருத்வி தியேட்டர்ஸ் என்ற நாடகக்குழு அந்நாளில் இந்தியா முழுவதும் சுற்றி வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர் ஒரு குடும்பம் போல் இரயிலேறிச் சென்று ஊர்தோறும் நடிப்பர். நாடகம் முடிந்ததும் கபூரே வாயிலில் நின்று துணியை ஏந்தி நற்பணிகளுக்குப் பொருள் கேட்பார். அங்கே சாகர் மேடை நிர்வாகத்துக்கு உதவியாளராய்ச் சேர்ந்தார், நாடகங்களை நெறிப்படுத்தினார், 'கலாகார்' முதலிய நாடகங்களை எழுதினார். மேடையின் பின்புறத்தே திரையிழுத்து, விளக்கேற்றி, நடிகரின் நுழைவுக்காகச் சபை எவ்வாறு மூச்சடக்கிக் காத்திருக்கின்றது என்பதைத் தட்டியின் மறைவிலிருந்து பார்த்தறிந்தார். பல்கலைக்கழகம் தராத பாடம் இது.

தந்தையின் குழுவிலிருந்தவரை மைந்தன் அழைத்தார். ராஜ் கபூரின் 'பர்சாத்' 1949இல் வெளிவந்தது. கதையும் திரைக்கதையும் சாகருடையவை. ராஜ் கபூரும் நர்கிசும் நடித்த அப்படமே சங்கர் ஜெய்கிஷன் என்னும் இசையிரட்டையரை அறிமுகஞ் செய்தது. ஒரு கையிலே பெண், மறு கையிலே பிடில் என்ற அப்படக் காட்சியே ஆர். கே. நிறுவனத்தின் இலச்சினையாகவும் ஆயிற்று. அகதியாய் வந்து இரண்டாண்டு கழியுமுன் இவ்வெற்றி.

வெற்றி தந்த துணிவிலே 1950இல் சாகர் தமக்கெனச் சொந்தமாய் ஒரு பட நிறுவனத்தைத் தொடங்கினார். 'மெஹ்மான்', 'பாஜூபந்த்' ஆகிய படங்களை நெறிப்படுத்தினார். பெயர் சொல்லும்படி ஒன்றும் அமையவில்லை. எழுதத் தெரிந்தவனுக்குப் படம் பிடிக்கவும் தெரிந்திருக்குமென்ற நம்பிக்கை முதலடியிலே சறுக்கிற்று.

இவ்விடத்திலே தமிழ்நாடு அவர் வாழ்விற் புகுகின்றது. 'சந்திரலேகா'வின் இந்தி வடிவத்தாலே வடநாட்டை வென்ற எஸ். எஸ். வாசன், சென்னை ஜெமினி ஸ்ரூடியோவிலிருந்தே இந்திப் படங்களைத் தொடர்ந்து தயாரித்து வந்தார். அவற்றுக்கு வசனம் எழுத நல்ல கை தேவைப்பட்டது. சாகர் வந்து சேர்ந்தார். 1959இல் வெளியான 'பைகாம்' படத்துக்கு அவர் எழுதிய வசனம் பிலிம்பேர் விருதை ஈட்டிற்று. ஆலைத் தொழிலாளர் கதையான அதுவும், சிவாஜி கணேசன் நடித்த 'இரும்புத்திரை'யும் ஒரே கதையின் இருமொழி வடிவங்கள் என்றால் நம் வாசகருக்கு எளிதில் விளங்கும். அடுத்து ஜெமினிக்காகவே 1960இல் 'கூங்கட்' படத்தை நெறிப்படுத்தினார். பம்பாயிலே தோற்ற நெறியாளர் சென்னையிலே தேறினார். 1964இல் 'ஜிந்தகி'. அதில் வைஜயந்திமாலாவோடு பழைய எசமானராகிய பிருத்விராஜ் கபூரும் நடித்தார். அப்படம் மறு ஆண்டு 'வாழ்க்கைப் படகு' என்ற பெயரிலே தமிழிலும் வந்தது. திரளான கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும், பெரிய அரங்கங்களை அமைப்பதும், குடும்பத்துப் பெண்கள் கண்ணீர்விடக் கதை சொல்வதும் வாசனின் கைவந்த கலைகள். சாகர் அவற்றை அருகிருந்து கண்டவர்.

அதன்பின் பணமும் புகழும் பெருகின. காஷ்மீரத்து எழிலைக் காட்டிய 'ஆர்ஜூ' 1965இலும், உளவுக் கதையான 'ஆங்கேன்' 1968இலும் வெளிவந்து ஓடின. பின்னதற்குச் சிறந்த நெறியாளருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. 'கீத்', 'லல்கார்', 'சரஸ்' என்று படங்கள் தொடர்ந்தன. இவற்றை ஒவ்வொன்றாய் விவரிப்பதற்கு நமக்கு விருப்பமில்லை. மனிதன் மாண்டான் என்று எழுதிய பேனா, கடத்தற்காரரையும் உளவாளிகளையும் துரத்திக்கொண்டிருந்தது என்பதே உண்மை. அவருக்கே அது உறுத்தியிருக்க வேண்டும்.

'சரஸ்' படத்துக்காக ஐரோப்பாவிலே தங்கியிருந்தபோது, பிரான்சு நாட்டுச் சிற்றுண்டிச்சாலை ஒன்றிலே வர்ணத் தொலைக்காட்சியை அவர் முதன்முறை கண்டதாகவும், அந்த மாலையே இனித் தம் தொழில் இந்தப் பெட்டிதான் என்று உடனிருந்த புதல்வரிடம் அறிவித்ததாகவும் பிரேம் சாகரின் நூல் கூறுகின்றது. அக்காலத்தில் இந்தியாவிலே தொலைக்காட்சி சில நகரங்களில் மட்டும் கறுப்பு வெள்ளையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வர்ணம் வந்ததே 1982இல்தான். வெள்ளிவிழாப் படங்கள் எடுத்த ஒருவர் அந்தச் சிறு பெட்டிக்குப் போவதென்பது, அரண்மனைச் சமையற்காரர் தெருவோரத் தேநீர்க்கடைக்குப் போவது போலத் திரையுலகினருக்குத் தோன்றிற்று.

இராமாயணத்தைத் தொடராக எடுக்கப்போவதாக அவர் செல்வந்த நண்பருக்கெல்லாம் அறிவித்தார். பணந்தர முன்வந்தவர் இல்லை. கிரீடமும் ஒட்டுமீசையும் அணிந்த புராணப் படங்களின் காலம் மலையேறிவிட்டதென்று அனைவரும் கூறினர். புதல்வர் வெளிநாடுகள் சென்று கேட்டும் வெறுங்கையோடு திரும்பினார். ஆகவே முதலிற் சிறிதாய் ஒரு சோதனை செய்தார். வேதாளக் கதைகளை 'விக்ரம் அவுர் பேதால்' என்று தொடராக்கி 1985இலே தூரதர்சனுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் அதனை விரும்பினர். பிள்ளைகளோடு பெற்றோரும் பார்த்தனர். அத்தொடரிலே விக்கிரமாதித்தனாய் நடித்த அருண் கோவில் பின்பு இராமரானார். இராமர் வேடத்துக்கு அவர் முதலில் ஏற்கப்படவில்லை என்றும், முகத்திலே சிறு முறுவலைச் சேர்த்துப் பார்த்தபோதே தேறினார் என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

தயங்கியோர் முதலாளிகள் மட்டுமல்லர். மதச்சார்பற்ற அரசின் தொலைக்காட்சியிலே ஒரு சமயத்தாரின் காதை வருவது தகுமா என்ற கேள்வி அரசினரிடமும் இருந்தது. அக்கேள்வியை நாம் எளிதாய்த் தள்ளிவிடுவதற்கில்லை. சாகர் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார். வால்மீகியையும் துளசிதாசரையும் தலையாகக் கொண்டாலும், நம் கம்பர், மராத்திய ஏகநாதர், வங்கத்துக் கிருத்திவாசர், தெலுங்கு அரங்கநாத இராமாயணம் ஆகியவற்றோடு சக்பஸ்த் என்பாரின் உருது இராமாயணத்தையும் தம் ஆதாரங்களுள் வைத்தார். மிஷன் கல்லூரியிலே படித்து, கம்பனைப் பாடநூலிற் சில படலங்களாக மாத்திரம் அறிந்த நமக்கு, கம்பர் பெயரை அங்கே கண்டபோது உண்டான மகிழ்ச்சி சொல்லுந் தரத்ததன்று.

1987 ஜனவரி 25ஆந் திகதி, ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குத் தொடர் ஆரம்பமாயிற்று. குஜராத் கரையிலுள்ள உமர்காவ் என்னும் சிற்றூரிலே அயோத்தியும் மிதிலையும் இலங்கையும் எழுந்தன. நடிகரும் தொழிலாளரும் அங்கேயே மாதக்கணக்காய்த் தங்கினர். கண்பார்வையற்ற இரவீந்திர ஜெயின் இசையமைத்தார். மல்யுத்த வீரர் தாரா சிங் அனுமாரானார். மந்தரையாய் வந்தவர் பழம்பெரும் நடிகை லலிதா பவார். இராவணனைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். குஜராத்தி மேடை நடிகரான அரவிந்த் திரிவேதி, குகனுக்கு நிகரான ஓடக்காரன் வேடம் கேட்டே வந்தாராம். அவர் நடந்து வெளியேறிய நடையைப் பார்த்து இவரே என் இலங்கேசுவரன் என்று சாகர் முடிவு செய்ததாகத் திரிவேதியே பின்னாளிற் கூறியுள்ளார். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாடல்தோறும் இராவணனைக் காண்பவர்கள் நாம். திருக்கோணமலையிலே இராவணன் வெட்டைக் காட்டுபவர்கள் நாம். எனவே அவனை வெறும் அரக்கனாய்க் காட்டாது, கம்பீரமுள்ள அரசனாய்க் காட்டியதற்காக இந்நடிகரிடம் நமக்கு ஒரு தனிப் பற்று உண்டு.

தொடர் ஓடிய காலத்திலே ஞாயிறு காலைகளில் இந்திய நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடின. நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி, ஊதுவத்தி ஏற்றிவிட்டு மக்கள் அமர்ந்தனர். பெட்டியில்லாதோர் உள்ளவர் வீட்டு முற்றத்திலே கூடினர். ஐம்பத்திரண்டு பகுதிகளாய்த் திட்டமிட்டது எழுபத்தெட்டாய் நீண்டது.

கற்றோர் பலர் ஏளனஞ் செய்தனர். காட்சி மெல்ல நகர்கின்றது, ஒருவர் பேசினால் ஐந்துபேர் முகங்களைக் காட்டுகிறார்கள், அரங்கம் அட்டையிற் செய்தது போலிருக்கிறது என்றனர். இக்குறைகள் மெய்யே. ஆனால் இவை பழைய மேடையின் இலக்கணம் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. பிருத்வி தியேட்டர்ஸ் தட்டியின் பின்னால் நின்றவர், சபையோர் அழுவதற்கு நேரங்கொடுக்க வேண்டுமென்று அறிந்திருந்தார். தசரதன் மயங்கும்போது கோசலை முகம், கைகேயி முகம், இலக்குவன் முகம் என்று ஒவ்வொன்றாய்க் காட்டியது, நம் கூத்திலே ஒவ்வொரு பாத்திரமும் தன் தருவைப் பாடி முடிக்கும்வரை கதை காத்திருப்பதை ஒத்தது. வாழ்நாளிற் பாதியை உருதுவிலே எழுதியவர், இங்கே பிதாஸ்ரீ, மாதாஸ்ரீ என்று வடமொழி மணக்கும் இந்தியிலே வசனம் அமைத்தார். இருபதாம் வயதுகளிற் கற்ற வடமொழி எழுபதாம் வயதிலே பயன் தந்தது.

மற்றொரு விமர்சனம் இதனினும் கனமானது. பலவாறாய் வழங்கும் இராமகாதையை ஒரே உருவாக்கி, அரசின் வாயாலே நாடெங்கும் பரப்பினால் மற்றைய உருவங்கள் மங்கிப்போகும் என்று வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் எழுதினார். அரசியலிலும் அதன் நிழல் விழுந்தது. 1991 தேர்தலிலே சீதையாய் நடித்த தீபிகாவும், இராவணனாய் நடித்த திரிவேதியும் பாரதீய ஜனதாக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றம் புகுந்தனர். 1992 டிசெம்பர் 6ஆந் திகதி அயோத்தியிலே பாபர் மசூதி இடிக்கப்பட்டது. பம்பாயிலே குருதி சிந்திற்று. இவற்றையெல்லாம் ஒரு தொலைக்காட்சித் தொடரின் தலையிலே சுமத்துவது மிகையாகும். ஆயினும் இந்து வாலிபராகிய நாம் இக்கேள்வியைக் கேளாமற் போவதும் நேர்மையாகாது. லாகூரை இழந்து, பிணக்குவியல்களைத் தாண்டி வந்து, மனிதன் மாண்டான் என்று எழுதியவர் அந்நாட்களிலே பம்பாயில் இருந்து அவற்றைப் பார்த்தார். தம் இராமன் யார் கையிலே எதற்குப் பயன்படுகிறான் என்று அவர் மனம் பதறியிருக்குமென்றே நாம் நம்ப விரும்புகிறோம்.

ஒரு நிகழ்ச்சியை இங்கே விடலாகாது. 1988 ஜூலை 31இல் இராமர் முடிசூடியதோடு தொடர் நிறைவெய்தவிருந்தது. உத்தரகாண்டம் இல்லாவிடின் வால்மீகி முனிவருக்குக் கதையில் உரிய பங்கு இல்லை. அம்முனிவரைத் தம் குலகுருவாய்ப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர், ஜலந்தர் முதலிய வடநாட்டு நகரங்களிலே வேலையை நிறுத்தினர். குப்பை குவிந்தது. சாகர் எடுக்க விரும்பாத பகுதி, சீதையைக் காட்டுக்கு அனுப்பும் பகுதி, எடுக்கப்படவேண்டியதாயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் உத்தர இராமாயணம் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. தெருக்கூட்டும் ஏழைத் தொழிலாளர் ஒரு நாட்டின் தொலைக்காட்சியைத் தம் கதையைச் சொல்லுமாறு வற்புறுத்தி வென்றது இதுபோல் வேறெங்கேனும் நடந்ததுண்டோ? நாம் அறியோம்.

1993இலே 'ஸ்ரீ கிருஷ்ணா' தொடங்கிற்று. 2000இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2005 டிசெம்பர் 12ஆந் திகதி, எண்பத்தெட்டாம் பிறந்தநாளுக்குச் சில தினங்கள் இருக்க, மும்பாயிலே அவர் காலமானார்.

2020 பங்குனியிலே கொள்ளைநோய் காரணமாக இந்தியா அடைக்கப்பட்டபோது, தூரதர்சன் 28ஆந் திகதி முதல் அப்பழைய தொடரை மறுபடியும் ஒளிபரப்பியது. நம் நாட்டிலும் ஊரடங்கு. பாடசாலை மாணவராயிருந்த நாம் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, பெரியோர் அருகிலிருந்து கைத்தொலைபேசியிலே அதன் பகுதிகளைக் கண்டோம். அட்டை அரங்கங்களைப் பார்த்து முதலிலே சிரித்தோம். இராமன் காடேகும் பகுதி வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வாண்டு ஏப்ரில் 16ஆந் திகதி மட்டும் அத்தொடரை ஏழு கோடியே எழுபது இலட்சம் பேர் கண்டதாகத் தூரதர்சன் அறிவித்தது. கிரீடத்தின் காலம் முடிந்துவிட்டதென்று சொல்லிப் பணந்தர மறுத்தவர்களுட் பலர் அப்போது உயிரோடு இருந்திருக்கமாட்டார்கள். சாகரும் இல்லை.